மேல் உதட்டில் உன் கடைச் சரக்கு

என் மனைவியின் ஒரே தம்பியும், ஃபேன்சி ஸ்டோர் முதலாளியும், இந்த வீட்டில் நடந்த சகல கலவரத்துக்கும் மூலகாரணமுமாகிய மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாமல் என்ன, உன் அக்கா அங்கே வந்து சமைத்துப் போடுகிறாளே. இங்கே நான் நலமாக இல்லை. பொரித்த முட்டையில் வெனிலா வாசனை அடிக்கிறது. அந்தக் கதை கீழே வருகிறது. போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பார்க்காதே. ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவள் உன் அக்கா. நான் மூச்சு விடுகிற தினுசை வைத்தே, பேசுவது யார், என்ன பொய் சொல்லப்போகிறான் என்று அடுத்த அறையிலிருந்து கண்டுபிடித்துவிடுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் டெலிபோனுக்கு மெஷின் வைத்துவிட்டார்கள். உன் அக்காவை வருகிற திங்கட்கிழமை முதல் வாசலில் இருக்கும் விசாரணைக் கவுண்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். “இத்தனை வருஷம் என் குரலத்தான் கேட்டாங்க. இனிமே மூஞ்சியப் பாக்கப்போறாங்க” என்று அவள் கண்ணாடி முன்னால் நின்று சொன்னாள். பயமா சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை. நான் “நல்லாத்தான் இருக்கு மூஞ்சி” என்று சொல்லிப் பிரச்சினையை அங்கேயே முடித்திருப்பேன். அதற்குள் நீ தங்க நிறப் பெட்டியில் ஒரு லிப்ஸ்டிக்கோடு வந்து நின்றாய். செங்கல் நிறம். அவள் போட்டுப் பார்த்தாள். நீ “அக்கா, பத்து வயசு கொறஞ்சிட்டே” என்றாய். நீ அவள் முகத்தைப் பார்த்தாய். நான் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வினை அங்கே ஆரம்பித்தது.

பெயின்ட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு டின் கேட்டைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக்குள், வாயில் பூசுகிற சரக்கு, சேர்மானம் என்னவென்றே தெரியாமல் நுழைவதா? படிக்கலாம் என்றால் எறும்புக்கு எழுதிய மாதிரி எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். முதலில் விளக்கெண்ணெய். உன் அக்காவுக்குச் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொடுத்தபோது ஊரைக் கூட்டினாளே, அதே விளக்கெண்ணெய்! அப்புறம் மெழுகு, இன்னொரு மெழுகு, ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்த கொழுப்பு. நிறத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் எண்கள். ஜெயிலில்தான் ஆளுக்கு எண் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் பிடித்தேன். ஒன்று டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைச் சுவர்ப் பெயின்டுக்கு நான் மூட்டை மூட்டையாகக் கொட்டியது. இன்னொன்று இரும்பு ஆக்சைடு. அதாவது ரெட் ஆக்சைடு மாப்பிள்ளை, இரும்பு கேட்டுக்கு அடிப்போமே, அது! மின்னுவதற்கு மைக்கா என்கிற காக்காப்பொன். கடைசியாக ஒரு சிவப்பு, பூச்சியைக் காயவைத்து இடித்து எடுப்பதாம்.

இதில் என் ரத்தம் கொதித்த இடம் வேறு. நிறங்களுக்கு முன்னால் ‘இருக்கலாம்’ என்று போட்டிருக்கிறான். இருக்கலாமா? எல்லா நிறத்துக்கும் ஒரே பெட்டி அடிப்பதால் இப்படி என்று நீ சமாதானம் சொன்னாய். இந்த டின்னில் பெயின்ட் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தால் என்னை டின்னுக்குள் போட்டு மூடியிருப்பார்கள். ‘வாசனை’ என்று ஒரே ஒரு சொல். என்ன வாசனை, யார் கொடுத்த வாசனை? மூச்!

பூச்சி விஷயத்தைச் சாப்பாட்டு மேஜையில் உன் அக்காவுக்குப் பொறுப்பாக எடுத்துச் சொன்னேன். “கரப்பான்பூச்சி வந்தா நாற்காலி மேல ஏறி நிக்கிற ஆளு எனக்குப் பூச்சியப் பத்திப் பாடம் எடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விஞ்ஞானத்துக்கு இந்த வீட்டில் இருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

சும்மா விட்டேனா? மருந்துக்கடைக்குப் போய், அங்கே கல்லாப் பக்கத்தில் கிடந்த மலிவு லிப்ஸ்டிக் ஒன்றை, அதே செங்கல் நிறத்தில் வாங்கினேன். “யாருக்கு அங்கிள்?” என்றாள் கடைப்பெண். “ஒப்பிட்டுப் பாக்க” என்றேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள். கடைக்கு வந்திருந்த மற்றவர்களும் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், மாப்பிள்ளை, மேலிருந்து கீழே வரை அச்சு அசல் ஒரே வரிசை! எது அதிகமோ அது முதலில் என்பது விதி. இதிலும் விளக்கெண்ணெய் முதலில், அதிலும் முதலில். உன் தங்கப் பெட்டி வெறும் பெட்டி என்பது நிரூபணமாகிவிட்டது.

ஆனாலும் எழுத்தை மட்டும் நம்பி நான் எதற்கும் தீர்ப்புச் சொன்னதில்லை. உன் அக்கா வேலைக்குப் போனதும் பாத்ரூம் சுவரின் வெள்ளை டைல்ஸில் இரண்டையும் கோடு கோடாகத் தீட்டிக் காயவைத்து ஈரத்துணியால் தேய்த்தேன். போகவில்லை. சோப்புக்கும் போகவில்லை. நேற்று வந்து பார்த்த வீட்டுக்காரர் இது ரத்தமா என்று கேட்டார். மெழுகு எவ்வளவு என்று பார்க்க, முட்டை பொரிக்கிற சட்டியில் ஆளுக்கு ஒரு பாதி போட்டு உருக்கினேன். அதிலிருந்துதான் முட்டை ரோஸ் கலரில் வெனிலா வாசனையோடு வருகிறது. மிச்சமிருந்ததைச் சுரண்டி எடுத்தபோதுதான் உறைத்தது. பெயின்டைச் சுவரில் அடித்துப் பார்ப்பவன், உதட்டுச் சரக்கை டைல்ஸில் அடித்துப் பார்த்து என்ன பயன்? உதடு வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே ஜோடி. மேல் உதட்டில் உன் சரக்கு, கீழ் உதட்டில் மருந்துக்கடைச் சரக்கு. காயட்டும் என்று உட்கார்ந்து பேப்பர் படித்தேன். படிக்கிற சுவாரசியத்தில் மறந்தே போய்விட்டது. காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். மீட்டரைப் பார்க்காமலே, “அப்புறமா வர்றேன் சார், நீங்க கெளம்புங்க” என்று படியிறங்கிப் போய்விட்டார். எங்கே கிளம்புவது?

அவருக்குப் பின்னாலேயே உன் அக்கா நின்றாள். என் வாயைப் பார்த்தாள். பாத்ரூம் டைல்ஸைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். காலியான தங்கக் குழலைக் கையில் எடுத்து, அதன் அடிப்பகுதியைச் சுண்டுவிரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: “கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க மேல பெயின்ட் வாசனைதான். சட்டையில, தலகாணியில, சாப்புடுற தட்டுல. இதுல என்னென்ன சேந்திருக்குன்னு ஒரு நாளாவது நான் கேட்டிருக்கேனா?”

நீயே நியாயம் சொல். கேட்டிருந்தால் உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொல்லியிருக்க மாட்டேனா? கேட்காதது என் குற்றமா? இதற்குப் பதில் சொல்வதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருப்பேன். வாய் இருந்த கோலத்தில் தெருவில் இறங்க முடியவில்லை.

ஆகவே, கண்டதைப் பரிசாகக் கொடுத்து ஒரு குடும்பத்தைக் குலைத்ததற்கு நீதான் முழுப் பொறுப்பு. நான் செய்த எதற்கும் வருத்தப்படவில்லை. உன் அக்காவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டாதே. அவள் வருவதாக இருந்தால் வரட்டும், நானாகக் கூப்பிடப் போவதில்லை என்பதை மட்டும் சொல். உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு இப்போதைக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
உன் பெயின்ட் அத்தான்

பின்குறிப்பு: குளிர்காலத்தில் என் உதடு வெடித்துப் போகும் என்று உனக்குத் தெரியும். கீழ் உதடு வழக்கம்போல வெடித்துவிட்டது. மேல் உதடு இன்னும் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. எது முதலில் என்றுதான் இரண்டு பெட்டியும் சொன்னது, எவ்வளவு என்று இரண்டுமே சொல்லவில்லை. வரிசையைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நான் மேலே எழுதியது தப்பு. என் வேலையில் இருந்தவன் செய்யக்கூடாத தப்பு. அதை அடித்துவிடு. வருத்தப்படவில்லை என்று எழுதிய வரியையும் அடித்துவிடு. அதே செங்கல் நிறத்தில் ஒன்று இன்றே எடுத்து அக்காவிடம் கொடு. கடிதத்தையும் காட்டு. திங்கட்கிழமை கவுண்டர் திறக்கும்போது வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்த்து “சொல்லுங்க, என்ன விசாரிக்கணும்?” என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. பெட்டியின் பின்பக்கத்தைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன்.