ஹெனிங்கின் மூக்கும் கனகசபை அண்ணையின் மூக்கும்

டென்மார்க்கில் மூக்கு ஒழுகித் தடிமன் எண்டு டொக்டரிட்டப் போனால் தண்ணி குடியுங்கோ எண்டு சொல்லுவார். காய்ச்சல் எண்டு போனாலும் அதே தண்ணிதான். ஆகையினால் எங்கட இக்காஸ்ட் நகரத்தில மானமுள்ள ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் கொழும்பிலயிருந்து வந்த அன்ரிபயோட்டிக் குளிசையை பிஸ்கற் பேணியில வைச்சிருக்கும். ரெண்டு போட்டுச் சுகம் வந்தால் மிச்சத்தை அடுத்த தடிமனுக்கு எடுத்து வைப்பம். அரைவாசியில நிப்பாட்டினால் தப்பின கிருமி மருந்துக்குப் பழகிப்போம் எண்டு பெட்டிக்குள்ள ஒரு துண்டு கிடக்கும். அதை ஆர் வாசிச்சது?

கனகசபை அண்ணைக்கு ஒரு மிருகக்காட்சிச்சாலையில கூடு கழுவுற வேலை. வன்னியில சண்டை முடிஞ்ச கையோட அவற்ற மனிசி பவளராணியை வவுனியா முகாமில, முள்ளுக்கம்பிக்கு உள்ள அடைச்சு வைச்சிருந்தாங்கள். அவவை இங்க கூப்பிடுறதெண்டால் அண்ணைக்கு நிரந்தர வேலை இருக்கவேணும். வேலை போனால் மனிசியும் வரேலாது.

அங்க ஹெனிங் எண்டொரு சிம்பன்சி. கள்ளமாய்க் கடத்தி வந்து துறைமுகத்தில பிடிபட்டவன். அவனை ஆபிரிக்கக் காட்டில தன்ர சனத்தோட சேர்க்கக் கடதாசி எல்லாம் தயார். போகமுன்னம் மூக்கில பஞ்சு விட்டுப் பாத்தால், எந்த மருந்துக்கும் சாகாத கிருமி. காட்டுக் குரங்குகளுக்குப் பரவினால் கூட்டமே அழிஞ்சுபோம் எண்டு பயணத்தை நிப்பாட்டிப்போட்டினம். பிறகு அண்ணையின்ர மூக்கைப் பாத்தினம். அதே கிருமி.

அரசாங்கத் தொழில் கந்தோரிலயிருந்து கிர்ஸ்தன் எண்ட அதிகாரி படிவத்தோட வந்தா. அதில ஒரு மனிசன்ர படம், ஒரு குரங்கின்ர படம், நடுவில அம்புக்குறி போட இடம்.

"கிருமியை மனிசன் குரங்குக்குக் குடுத்திருந்தால் வேலைநீக்கம். குரங்கு மனிசனுக்குக் குடுத்திருந்தால் தொழில் விபத்து, வேலைக்கு முழுப் பாதுகாப்பு. நீங்கள் குரங்குக்கு ஏதும் குடுத்தனீங்களோ?"

பங்குனியில ஹெனிங் இருமேக்க, மிருக வைத்தியரும் தண்ணிதான் குடுக்கச் சொன்னவர். அண்ணை பாவம் பாத்து பேணியிலயிருந்த ரெண்டு குளிசையை வாழைப்பழத்துக்குள்ள வைச்சு ஊட்டினவர்.

"வாழைப்பழம் குடுத்தனான்."

"குரங்கு உங்களுக்கு?"

"ஒருக்கா முகத்தில தும்மினது."

கிர்ஸ்தன் சந்தோசமாய் எழுதினா. "ஆனால் சட்டப்படி மற்றத் தரப்பையும் கேக்கவேணும்."

அதன்படி திருவாளர் ஹெனிங் அவர்களுக்கு, கூடு இலக்கம் நாலு எண்ட விலாசத்துக்கு, பதிவுத் தபால் போனது. பதினாலு நாளில மறுப்பு எழுதலாம், மொழிபெயர்ப்பாளர் இலவசம். ஹெனிங் அதை உறையோட சாப்பிட்டிட்டான். 'கடிதம் உரியவரால் உட்கொள்ளப்பட்டது' எண்டு கோப்பில பதிஞ்சினம்.

அண்ணைக்கு மனம் கேக்கேல்லை. எங்கட சங்கத் தலைவர் இரத்தினசிங்கத்தார் வீட்டில எங்கள் எல்லாருக்கும் முன்னால கேட்டார்: "உண்மையைச் சொல்லுவமோ?"

"விசர்க்கதை கதையாதை. ஹெனிங்குக்கு மனிசியோ பிள்ளையோ? சொன்னால் நாளைக்கு எங்கட வீட்டுப் பேணியெல்லாம் திறந்து பாப்பாங்கள்," எண்டார் தலைவர். நாங்களும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினம். எனக்கு அண்டைக்கே வெக்கமாய்த்தான் இருந்தது.

பதினாலு நாளும் முடிஞ்சுது. மறுப்பு வராதபடியால் ஹெனிங் குற்றத்தை ஒத்துக்கொண்டதாய் முடிவு. அம்புக்குறி குரங்கிலயிருந்து மனிசனுக்கு. எப்ப காட்டுக்கு விடுறதெண்ட விசாரணை முடியுமட்டும் ஹெனிங்கைத் தனிக் கூட்டில போட்டு ரெட்டைக் கம்பி அடிச்சினம். அண்ணையின்ர வேலை தப்பினது.

அடுத்த வருசம் பவளராணி வந்து சேர்ந்தா. புருசன் வேலை செய்யிற இடத்தைப் பாக்கவேணும் எண்டா. நாங்கள் மூண்டு காரில கட்லட்டும் கட்டிக்கொண்டு போனம். மற்ற மிருகங்களை ஒண்டையும் அவ பாக்கேல்லை. ஹெனிங்கின்ர ரெட்டைக் கம்பிக்கு முன்னால போய் நிண்டா.

"இவன் என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை," எண்டார் அண்ணை. "விசாரணை நடக்குது."

"எப்ப விடுவினம்?"

"கெதியில விடுவம் எண்டு சொல்லுகினம்."

"எங்களுக்கும் அதைத்தான் சொன்னவங்கள்," எண்டா பவளராணி.