மனித மூலதனம் டீ குடிக்கப் போயிருக்கிறது

சிறு தொழில்கள் ஏன் நொடிக்கின்றன என்ற மாபெரும் கேள்விக்கு விடை காண, மனித குலம் கடைசியில் ஓர் ஆய்வு நிறுவனத்தையே கட்டி முடித்தது. மூன்று மாடி. லிஃப்ட் உண்டு. அதன் ஆய்வாளர் ஒருவர், நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுடன் ஒரு நாள் காலை ஒரு சின்ன மோட்டார் பட்டறைக்குள் எழுந்தருளினார்.

பட்டறை முதலாளியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் இடத்துக்கு, இஸ்திரி கலையாத சட்டையோடு இதுவரை யாரும் வந்ததில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"உங்க மனித மூலதனம் எங்கம்மா?"

"என்னது சார்?"

"வேலை தெரிஞ்ச ஆள்."

"என் நாத்தனாரா? டீ குடிக்கப் போயிருக்கா."

நாத்தனார் வந்தாள். மோட்டாரை மோந்து பார்த்தே எந்தச் சுற்று கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். நான்கு தெரு தாண்டி ஆட்கள் வருவதெல்லாம் அந்த மூக்கை நம்பித்தான்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

"பயிற்சிச் சான்றிதழ்?"

"பத்தொன்பது வருஷமா இதே வேலைதான் சார்."

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்று மனதார வருந்திய ஆய்வாளர், 'மனித மூலதனம்: பூஜ்யம்' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து, நிறுவனத்து மண்டபத்தில் கருத்தரங்கு. முதலாளியம்மாவுக்கு 'பங்குதாரர்' என்று அழைப்பு வந்தது. விசாரித்ததில், பங்கு கைதட்டுவதில் மட்டும்தான் என்று தெரிந்தது. துணைக்கு நாத்தனாரும் போனாள். இயக்குநர் 'போட்டித்திறன்' என்று வாயைத் திறந்ததும் மண்டபத்து ஏ.சி. படுத்துவிட்டது. அறிஞர்கள் வியர்த்தார்கள். நாத்தனார் எழுந்து போய் மோந்து பார்த்தாள், ஏணி கேட்டாள், அரை மணியில் காற்று வந்தது.

மறுநாளே அவளுக்கு அந்த நிறுவனத்தின் நியமன உத்தரவு வந்தது. ஏ.சி. பராமரிக்கும் வேலை, இரண்டு மடங்கு சம்பளம், ஓய்வூதியம்.

"அண்ணி, நீங்க வேணாம்னு சொன்னா நான் போகல."

முதலாளியம்மா கம்பிச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடி. ஓய்வூதியமெல்லாம் நான் எந்த ஜென்மத்துல தரப்போறேன்?"

எட்டே மாதம். மூக்கு இல்லாத பட்டறைக்கு யாரும் வரவில்லை, ஷட்டர் இறங்கியது.

நிறுவனமா சும்மா இருக்கும்? மூடிய பட்டறைகளைப் பற்றி உடனே அடுத்த ஆய்வை நடத்தி முடித்தது. அதே மண்டபம். முதல் வரிசையில் முதலாளியம்மா; இம்முறை 'முன்னாள் பங்குதாரர்'. இயக்குநர் கனத்த குரலில் வாசித்தார்:

"இப்பட்டறை நொடித்ததற்கு ஒரே காரணம், தன்னிடமிருந்த அரிய மனித மூலதனத்தைத் தக்கவைக்க முதலாளி தவறியதே. அதைக் கவர்ந்து சென்ற போட்டியாளர் யார் என்பது புலப்படவில்லை. மேலும் ஆய்வு தேவை."

பலத்த கைதட்டல். அது அடங்கியதும் முதலாளியம்மா எழுந்தாள்.

"எதுக்கு சார் இன்னொரு ஆய்வு? கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்க. ஏணி மேல நிக்கிறா. யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு அவகிட்டயே கேளுங்க."