ஒரு ஸ்க்ரூகூட மாற்றக்கூடாது

கிள்ளானில் கமலநாதன் வீட்டில் ஒரு சட்டம் அமலில் இருந்தது. அவருடைய எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் மாற்றக்கூடாது. சட்டம் போட்டவர் அவர். மதித்தவரும் அவர் ஒருவர்தான்.

இத்தனைக்கும் அது பழைய கிட்டார் இல்லை. அறுபதுகளில் வந்த மாடலைப் பார்த்து, போன வருஷம்தான் செய்தது. மஞ்சளேறிய பூச்சு, தேய்ந்த ஓரம், நாலைந்து கீறல் எல்லாம் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பியிருந்தார்கள். தன் மைவி காரில் ஒரு கீறல் விழுந்ததற்கு மூன்று நாள் சோறு இறங்காத மனிதர், இந்தக் கீறல்களை ஆசை ஆசையாய்த் தடவிப் பார்த்து வாங்கி வந்தார்.

கீறலோடு ஓர் இரைச்சலும் வந்து சேர்ந்தது. ஓசையைப் பெருக்கும் ஆம்ப்பில் செருகினால் போதும், 'ங்ங்ங்' என்று ஆரம்பித்துவிடும். அடுத்த அறையில்தான் மனைவி ஷாமினி லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பாள்.

"என்னங்க, சுபாங் ஜெயா பொண்ணு கேக்குது, டீச்சர் உங்க வீட்டுல கொசு மருந்து அடிக்கிறாங்களான்னு."

"அது ஹம், ஷாமினி. அந்தக் காலத்து சவுண்டு."

"அந்தக் காலத்துல நான் டியூஷன் எடுக்கலைங்க. ஏற்கெனவே ரெண்டு பிள்ளைங்க நின்னுட்டாங்க. இன்னும் ரெண்டு நின்னா கிளாஸயே மூட வேண்டியதுதான். பிக்கப்ப மாத்துனா சத்தம் நின்னுரும்னு சிவநேசன் அண்ணன் சொல்றாரு."

சிவநேசன் கமலநாதனின் பள்ளிக்கூட நண்பர். பிரிக்பீல்ட்ஸில் கிட்டார் பழுது பார்க்கிறார். பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து ஓசையைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் சின்னக் காந்தப் பெட்டி.

"பிக்கப்தான் கிட்டாரோட இதயம். உன் இதயத்தக் கழட்டிட்டு வேற வைக்கச் சொன்னா வைப்பியா?"

"இப்படி இரைஞ்சா வைப்பேன்."

"ஒரிஜினல் ஒரிஜினல்தான். மாத்துனா என் காதுக்கு ஒரே செகண்டுல தெரிஞ்சிரும்."

"அப்படியா," என்றாள் ஷாமினி. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியும், அந்த 'அப்படியா'வுக்குப் பயப்பட அவர் கற்றுக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜை வந்தது. "இந்த வருஷம் கிட்டாரையும் சாமி முன்னாடி வைப்போங்க. உங்க ஆயுதம் அதானே," என்றாள். கமலநாதன் உருகிப்போனார். தன் கலையைக் கட்டிய மனைவியே மதித்துவிட்டாள் என்று அலுவலகத்தில் நாலு பேரிடம் சொன்னார்.

மாலை வீட்டுக்கு வந்தால், சரஸ்வதி படத்தின் கீழே பட்டுப்புடவை சுற்றி, ஒரு முனை குறுகி மறுமுனை அகன்று, நீளமாய்ப் படுத்திருந்தது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. பக்கத்திலேயே ஷாமினியின் லேப்டாப்பும் கணக்குப் புத்தகங்களும்.

"ஒரே ஒரு தடவ பிரிச்சுப் பாத்துக்கிறேனே."

"பூஜையில வெச்சத நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தொடக்கூடாதுங்க. அதான் ஒரிஜினல் வழக்கம். மாத்தலாமா?"

ஒரிஜினல் என்று கேட்டதும் மனிதர் அடங்கிவிட்டார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை ஒரு சின்னக் குறைதான். "சட்டைய அயர்ன் பண்ணலையா?"

"அயர்னுக்கும் சாயங்காலம் வரைக்கும் லீவுங்க. ஆயுத பூஜையில்ல?"

பக்திமான், கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார்.

மாலையில் கிட்டார் சோபாவில் குங்குமப் பொட்டோடு காத்திருந்தது. சுண்டல் சாப்பிட சிவநேசனும் வந்திருந்தார். கமலநாதன் செருகினார், மீட்டினார். கண்ணாடி மாதிரி சுத்தமான நாதம். இரைச்சலைக் காணோம்.

"கேட்டியா மச்சான்? ஹம்மே இல்ல. சரஸ்வதி கடாட்சம். இந்த நாதம் ஒரிஜினல் பிக்கப்புக்கு மட்டும்தான் வரும் லா. உன் கையில குடுத்திருந்தா கெடுத்திருப்ப."

சிவநேசன் சுண்டலில் தேங்காய் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்ப இது இப்படியே இருக்கட்டுமாங்க?" என்றாள் ஷாமினி.

"இருக்கட்டுமாவா? இருக்கணும். இனிமே இதுல எவனும் கை வைக்கக்கூடாது. சாமி மேல சத்தியம்."

ஷாமினி உள்ளே போய் ஒரு வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். தட்டில் ஒரு பிக்கப்பும் இரண்டு ஸ்க்ரூவும் இருந்தன.

"உங்க ஒரிஜினலுங்க. பத்திரமா வெச்சுக்குங்க."

"நேத்து என் கடையிலதான் மாத்துனேன்," என்றார் சிவநேசன் தட்டைப் பார்த்தபடி. "மூடி மட்டும் அதே மஞ்சள் கலர்ல போட்டுட்டேன் லா."

கமலநாதன் சரஸ்வதி படத்தைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து கிட்டாரு பூஜையிலல்ல இருந்துச்சு? நான் விழுந்து கும்பிட்டேனே."

"நீங்க கும்பிட்டது நம்ம அயர்ன் போர்டைங்க," என்றாள் ஷாமினி. "அதுல நான் ஒரு ஸ்க்ரூகூட மாத்தல."