டீப்பாயோடு மாற்றிய நிச்சயத் தட்டு

பெண் வீட்டில் உட்கார்ந்து தன் வேலையை விளக்கத் தொடங்குபவனைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. நான் விளக்கம் மட்டுமா சொன்னேன்? பாட்டிலையே கொண்டுபோனேன்!

முப்பத்து நாலு வயதில் நான் ஆராய்ச்சி மாணவன். (அம்மா ஊருக்குச் சொன்னது 'சயின்டிஸ்ட்'.) உருக்காமலே எண்ணெய்போல் ஓடும் ஒருவகை உப்பின்மேல் ஊதா வெளிச்சம் பாய்ச்சி, அதைக் கெட்டிச் சவ்வாக்குவேன்; பேட்டரிக்குள் வைத்தால் ஒழுகாது. ஆண்டிபட்டி வெயிலில் வளர்ந்தவன், வெளிச்சம் என் சொல் கேட்கும் என்று நம்பித் திரிந்த காலம்.

பண்ணைப்புரத்தில் வாசுகி வீட்டில் நிச்சயம். இரண்டு வீட்டுத் தட்டுகளும் கண்ணாடி டீப்பாயில் காத்திருந்தன. வாசுகியின் அப்பா திடீரென்று தயங்கினார்.

"மாப்ள ஏதோ உப்பு வேல பாக்குறாகன்னு சொன்னாக. அதுல சோறு வருமா?"

சபை என்னைப் பார்த்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்பவே காட்டுறேன் மாமா!"

பையிலிருந்து பாட்டிலையும் ஊதா டார்ச்சையும் எடுத்தேன். டீப்பாயில் சில சொட்டு விட்டேன். காற்றுப் பட்டால் மேல்பக்கம் பிசுபிசுவென்றே நிற்கும். கண்ணாடியால் மூட வேண்டும். கண்ணாடிக்கு எங்கே போவேன்? பெண் வீட்டுத் தட்டு கண்ணாடித் தட்டுதான். வெற்றிலை, பழம், பூவோடு அதையே தூக்கிச் சொட்டின்மேல் வைத்தேன். (இதைத்தான் மேற்படிப்பு என்கிறார்கள்.) பட்டு வேட்டியோடு டீப்பாய்க்கு அடியில் மல்லாந்து, டார்ச்சை மேலே பிடித்தேன். தலைக்கு மேல் ஒரு குட்டி ஊதா வானம் மெல்ல இறுகியது. கவிதை!

"நல்ல நேரம் முடியப் போகுது, எந்திரிச்சு வாடா!" என்றாள் அம்மா.

வாசுகியின் அப்பா தட்டைத் தூக்கினார். டீப்பாயும் கூடவே எழுந்தது.

"ஏலே, என்னத்தடா தடவுன?" என்றார் என் அப்பா.

"பாலிமர்ப்பா."

"எப்ப விடும்?"

"விடாதுப்பா. அதான் கண்டுபிடிப்பே."

கல்யாணம் போயிற்று என்று நான் வேட்டித் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, கதவோரம் வாசுகியின் குரல்:

"அப்பா, அவுக சொன்னது நடந்துருச்சுல்ல? டீப்பாயோட மாத்துங்க!"

அவர் மகளைப் பார்த்தார், தட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏம்ப்பா, இங்கன ரெண்டு பேரு கால் பக்கம் பிடிங்க!"

அப்படித்தான் எங்கள் நிச்சயம் நடந்தது.

இன்றும் சொந்தத்தில் யாருக்கு நிச்சயம் என்றாலும் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மாமனார் வந்து என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் கத்துவார்:

"தைரியமா மாத்துங்கப்பா, மாப்ள வெறுங்கையோடதான் வந்துருக்காக!"