கறுப்புக் கட்டம் போட்ட சுவரொட்டி

“சார், நீங்க செத்துட்டீங்கல்ல?” என்று ரொட்டிக் கடைக்காரர் திகைத்துப்போய்க் கேட்ட பிறகுதான் பேராசிரியர் கிறிசாந்தோஸ் தெருக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

அன்று மாலை பல்கலைக்கழகத்தில் பொதுக்கூட்டம். அண்ணனை அடக்கம் செய்யத் தன் உயிரையே கொடுத்த தங்கையைப் பற்றிய பழைய கிரேக்கத் துன்பியல் நாடகம்; பேசப்போகிறவர் அவர். அச்சகத்துக்காரன் அழகுக்காகச் சுற்றிலும் கறுப்புக் கட்டம் கட்டி, அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்து, கீழே ‘அடக்கம்: ஒரு தங்கையின் கடமை. மாலை ஆறு மணி’ என்று போட்டிருந்தான். ஊரில் சாவு அறிவிப்பு ஒட்டும் அதே கம்பங்களில், அதே அளவில்.

அவர் அதை மறுபடியும் ஒரு முறை படித்தார். தங்கை எவ்தோக்கியா பார்க்கட்டும் என்று அவள் தெருவில் மட்டும் கூடுதலாக ஒட்டச் சொல்லியிருந்தார். அம்மாவின் சவப்பெட்டி முன்னால் அவள் வைத்த ஒப்பாரியில் ஒரு சொல் பிழை என்று ஊர் பார்க்கத் திருத்திய மகானுபாவர் அவர். அன்றோடு அவள் பேச்சை நிறுத்தி ஒன்பது வருடம். இன்றைக்காவது வந்தால் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

அச்சகத்துக்கு ஓடினார்.

“பதறாதீங்க சார். ‘பேராசிரியர் நேரில் இருப்பார்’னு மேல ஒரு துண்டுத் தாள் ஒட்டிடலாம்.”

ஒட்டினார்கள். “சவப்பெட்டியத் திறந்துதான் வைப்பாங்களாம்” என்று ஊர் பேசிக்கொண்டது.

மாலையில் மண்டப வாசலில் தானே போய் நின்றார், கறுப்புக் கோட்டுடன். ஓர் அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரோட தம்பியா நீங்க? அச்சு அசல் அவரேதான். ஆனா அவர் இவ்வளவு வயசாத் தெரியமாட்டார். உங்களுக்காவது ஆயுசு நீளட்டும்.”

“நான்தாங்க அவர்!”

“பாவம், துக்கத்துல புத்தி பேதலிச்சிருச்சு” என்று அவள் நகர்ந்தாள். சிற்றுண்டிச் சாலைக்காரர் சாவு வழக்கப்படி கசப்புக் காப்பியும் பிராந்தியும் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் காவலாளி லாம்ப்ரோஸைக் கூப்பிட்டார். “யார் அழுதுக்கிட்டு வந்தாலும், நான் உசுரோட இருக்கேன்னு முதல்ல சொல்லிடுப்பா.”

மண்டபம் நிரம்பியிருந்தது. வாசலைப் பார்த்தபடியே பேசினார். தங்கையின் பாசத்தைச் சொல்லும் இடத்தில் குரல் உடைந்தது. எவ்தோக்கியா வரவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

கூட்டம் கலைந்ததும் லாம்ப்ரோஸிடம் கேட்டார். “என் தங்கச்சி வரவே இல்லையா?”

“வந்தாங்களே சார்! ‘அண்ணா, அண்ணா’ன்னு மாரடிச்சு அழுதாங்க. ‘அழாதீங்கம்மா, அவர் சாகல, உள்ள பேசிக்கிட்டிருக்கார்’னேன். ‘இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கானா?’ன்னு கேட்டு, கண்ணத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.”