ஓர் எண் தள்ளி எரிந்த விளக்குகள்

அன்புள்ள மைத்துனன் கர்ட்டிஸுக்கு,

ஹார்லன் எழுதுவது. நானும் உன் அக்கா லவோனும் முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலம். இங்கே அயோவாவில் பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. நீ அரிசோனா வெயிலில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து இதைப் படிப்பாய் என்று நினைக்கும்போது எனக்கு எழும் பொறாமையைக் கர்த்தர் மன்னிப்பாராக.

உங்கள் சபை வாசலில் கிறிஸ்துமஸுக்குப் பாட்டோடு ஆடுகிற விளக்குகள் போடப் போவதாகவும், சேனல்களை எப்படி ஒழுங்கு செய்வதென்று நான் சொல்லித்தர வேண்டுமென்றும் கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். சேனல் என்றால் வேறொன்றுமில்லை மாப்பிள்ளை, வீட்டு எண்தான். ஒவ்வொரு விளக்குச் சரத்தையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஒரு துளையில் சொருகுகிறோம், துளைக்கு ஓர் எண். பாட்டின் எந்த இடத்தில் எந்த எண் எரிய வேண்டுமென்று கம்ப்யூட்டரில் எழுதிவைத்தால் அது அந்தந்த வீட்டில் வெளிச்சத்தைப் போட்டுவிட்டுப் போகும். தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தே தலை நரைத்தவன் நான்; எண் விஷயத்தில் எனக்கு யார் சொல்லித்தர முடியும்? என் முறை இது. தெருவில் நின்று பார்த்தபடி இடமிருந்து வலமாக எண் கொடு. வெறுமனே ‘மரம்’ என்று எழுதாதே, ‘வாசல் மரம், கீழ்ப்பாதி, சிவப்பு’ என்று எழுது. நடுநடுவே சில எண்களைக் காலியாக விடு. இந்தக் கடைசி விதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதை நான் செய்யவில்லை.

எங்கள் வாசலில் முதல் விளக்குக் காட்சி அன்று மத்தியானம் உன் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “ஏங்க, அந்தக் கிறிஸ்துமஸ் தாத்தா மானுக்கு மூக்கு மட்டும் செவப்பா தனியா எரிஞ்சா எவ்வளவு நல்லாருக்கும்!” என்றாள். நல்லாத்தான் இருக்கும் என்று நானும் பட்டியலின் நடுவில், பாட்டுக்கேற்ப மின்னி மின்னிப் பாடும் பனிமனிதனின் வாய்க்கு முன்னால், மூக்கைச் செருகினேன். செருகியதும் அதற்குக் கீழே இருந்த எல்லாமே ஓர் எண் தள்ளிப் போயிற்று. வெளியே போய் ப்ளக்குகளையும் ஒவ்வொன்றாக அடுத்த துளைக்கு மாற்றியிருக்க வேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் “பட்டாணி சூப் ஆறுது” என்றாள். சூப் ஆறவில்லை மாப்பிள்ளை, என் மூளைதான் ஆறிப்போயிற்று.

இருட்டியதும் தெரு முழுக்கக் கார்கள். பாஸ்டர் ஹூக்ஸ்ட்ரா முன்வரிசையில் நின்று ஜெபம் பண்ணினார். பாட்டு ஆரம்பித்தது. மானுக்கு மூக்கே இல்லை. அதற்குப் பதில் பனிமனிதன் பேயைக் கண்டவன் மாதிரி வாயைப் பிளந்தான், பிளந்த வாயை மூடவேயில்லை. அவன் பாட வேண்டிய பாட்டையெல்லாம் குழந்தை இயேசுவின் தொட்டில் பட்பட்டென்று மின்னிப் பாடியது. பாலகன் பிறந்தார் என்று கோரஸ் உருகுகிற இடத்தில், தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என் அப்பாவின் பழைய டிராக்டர் பொன்னொளியில் மெல்ல மெல்ல அவதரித்தது. கூட்டத்தில் ஒருவன், “மேய்ப்பர்களே, டீசல் கொண்டாங்க!” என்று கத்தினான். பாஸ்டர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்றே நினைத்தேன். எனக்குப் பனியைத் தோண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதன் பிறகுதான் அந்த அமைதியான சரணம் வந்தது. அங்கே எல்லா விளக்கும் அணைந்து, கூரை மேல் நட்சத்திரம் ஒன்று மட்டும் மெதுவாக எரிய வேண்டும். நட்சத்திரம்தான் என் கடைசி எண். எல்லாம் அணைந்தது. நட்சத்திரம் எரியவில்லை. வாசலில் வெறும் இருட்டு, பனி விழுவதுகூடக் காதில் கேட்பது போல. தொலைந்தோம் என்று நினைத்த நேரத்தில் கீழே, வேலியோரத்தில், பக்கத்து வீட்டு வெண்டலின் புல்வெளியில், ஏதோ மங்கலாகத் தெரிந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் தேவதை. கண்ணில் சாயம் போயிருந்தது, ஒரு சிறகைக் கம்பியால் கட்டியிருந்தது. அதன் வயிற்றுக்குள் ஒரே ஒரு பல்பு, மூச்சு வாங்குவது போல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே வந்தது.

வெண்டலை உனக்குத் தெரியும். என் பனி தள்ளும் எந்திரம் அவர் வாசலில் பனியைக் கொட்டியதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. இந்த வசந்தத்தில் அவர் மனைவி எர்மா இறந்தபோதுகூட நான் கடைசி வரிசையில் நின்று திரும்பிவிட்டேன். அந்தத் தேவதை எர்மா வருடாவருடம் வைப்பது. அவர்கள் வீட்டு வெளி ஒயரை அணில் கடித்துவிட்டதாம். உன் அக்காவிடம் கரண்ட் கேட்டிருக்கிறார். அவளும் எனக்குத் தெரியாமல், “வேலியோரப் பெட்டியில கடைசித் துளை சும்மாத்தான் கெடக்கு, சொருகிக்குங்க” என்றிருக்கிறாள். நட்சத்திரத்துக்கு அடுத்த துளை அதுதான்; நட்சத்திரத்தின் வெளிச்சம் ஓர் எண் தள்ளி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

யாரோ கார் விளக்கை அணைத்தார், அடுத்த கார், அதற்கடுத்த கார். டீசல் கேட்டவன் தொப்பியைக் கழற்றியிருந்தான். வெண்டல் வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்து தேவதையின் பக்கத்தில் நின்றார், பாட்டு முடியும்வரை நின்றார். அத்தனை பல்புகளைக் கட்டியும் நான் ஒரு வெளிச்சத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

“எப்படிய்யா தோணுச்சு உனக்கு?” என்று பாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா, “அவருக்கு அப்படித்தான், திடீர்னு தோணும்” என்று என் காலை மிதித்தாள்.

மறுநாளே எல்லாவற்றையும் சரிசெய்தேன். மூக்கு மூக்காயிற்று, தொட்டில் தொட்டிலாயிற்று. தேவதைக்கும் மரியாதையாக ஒரு சொந்த எண் கொடுத்து, முதலிலிருந்து கடைசிவரை எரியும்படி வைத்தேன். ஆகவே கர்ட்டிஸ், ஒழுங்குதான் முக்கியம். என் விதிகளை அப்படியே பின்பற்று.

உன் மனைவிக்கும் சபையாருக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் வாசலில் ஒளியும் உங்கள் பியூஸ்களில் பலமும் தருவாராக.

இப்படிக்கு,
அத்தான் ஹார்லன் டைக்ஸ்ட்ரா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டும் சத்தம். வெண்டல்! “எல்லாம் சரியாத்தான் எரியுது ஹார்லன். அதான் சரியில்லே,” என்றார். “இத்தனை வெளிச்சத்துக்கு நடுவுல அது கண்ணுக்கே தெரியலேப்பா. எர்மாவுக்குக் கூட்டம்னாலே ஆகாது. அன்னிக்குத் தனியா நின்னாளே, அது மாதிரி விடேன். டிராக்டரும் அப்படியே இருக்கட்டும், அவ விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.” எனவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. நான் போய் எல்லாவற்றையும் பழையபடி தப்பாக்க வேண்டும். வெண்டல் சமையலறையில் ஈர பூட்ஸோடு உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருக்கிறார். தரையெல்லாம் பனித் தண்ணீர். உன் அக்கா அதைப் பார்த்துவிட்டு அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றுகிறாள்.