ஏனம் திருப்பிக் கொடுத்த அன்று நாங்கள் பிரான்ஸுக்குப் போனோம்

பாதிக்கப்பட்டவர்: நான்.

பாதிப்பு: பெற்ற உம்மாவே வாசலில் நின்றுகொண்டு, மீன்காரம்மா காதுபட, "ஒரு வீட்டை மூணு நாள் பாத்துக்க இவளுக்குத் துப்பு கெடையாது" என்று சொன்னது.

மீன்காரம்மாவாவது சும்மா இருந்திருக்கலாம். காரைக்கால்மேட்டிலிருந்து இவ்வளவு தூரம் கூடை சுமந்து வந்தவருக்கு வேறு கவலையே இல்லையா? என்னை மேலும் கீழும் பார்த்து, "புள்ளயப் பாத்தாலே தெரியுதே" என்றார்.

நான் அப்போது மத்தியை வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். அது வேறு விஷயம்.

விவகாரம் இதுதான். பாண்டியில் எம்.ஏ. சமூகவியல் முதல் வருஷம் முடித்துவிட்டு லீவுக்கு வந்திருக்கிறேன். இதுவரை ஹாஸ்டல். அடுத்த வருஷம் ரெண்டு தோழிகளோடு சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குவதாக முடிவு. முடிவு எங்களுடையது. அனுமதி உம்மாவுடையது.

"ஹாஸ்டல்ல மணியடிச்சா சோறு. வீடுன்னா மணியையும் நீதான் அடிக்கணும், சோத்தையும் நீதான் ஆக்கணும்" என்றார் உம்மா.

"அதுல என்ன உம்மா பெரிய வித்தை? வீட்டு வேலைங்கறது ஒரு நிர்வாகம். திட்டம் போட்டுச் செஞ்சா அரை நாள்ல முடியும். நீங்க திட்டமே போடறதில்ல. அதான் நாள் பூரா இழுக்குது."

இதை நான் சொன்னபோது உம்மா பால் காய்ச்சிக்கொண்டே, துபாயிலிருக்கும் வாப்பாவோடு போனில் பேசிக்கொண்டே, மோட்டாரை நிறுத்தும்படி எனக்கு ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அது திட்டமில்லாத வேலையாகத்தான் தெரிந்தது. மோட்டாரை நான் நிறுத்தவில்லை. வாதத்தின் நடுவில் எழுந்து போவது என் வழக்கமில்லை. தொட்டி நிரம்பி மாடியிலிருந்து அருவி கொட்டியது.

அதற்குப் பிறகுதான் மேற்படி 'துப்பு' வாக்கியம்.

லாத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, ஏழாம் மாசம். கூத்தாநல்லூரில் அவள் மாமியார் வீட்டில் மூணு நாள் இருந்துவிட்டு வர உம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டும்போது ஒப்பந்தம் முடிவானது.

"நான் திரும்பி வர்றப்ப வீடு வீடா இருக்கணும். இருந்தா நீ பாண்டில வீடு எடுத்துக்க. இல்லன்னா ஹாஸ்டல்லயே கெட."

"எழுதிக் கொடுங்க."

"மொதல்ல மீனக் கழுவு."

முதல் நாள் அமோகம். சோறு குழையவில்லை. மீன் ஆணத்தில், அதாவது குழம்பில், உப்பு இருந்தது, அதுவும் சரியாக. மோட்டாருக்கு போனில் அலாரம் வைத்தேன். கேஸை ராத்திரி ரெண்டு தடவை சோதித்தேன். இதற்குத்தானா இவ்வளவு அலட்டல் என்று சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, தோழிகளுக்கு "பாண்டி வீடு உறுதி" என்று செய்தியும் அனுப்பினேன்.

வினை மறுநாள் காலையில் வந்தது. அதுவும் வேலை மிச்சமிருந்ததால் இல்லை. வேலை முடிந்துவிட்டதால்!

செய்ய ஒன்றுமில்லாமல் சமையலறை மேடைக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தேன். மூடிகள் சரிந்து என் காலில் விழுந்தன. பின்னாலேயே தூக்கு, கிண்ணம், டப்பா, கேக் தட்டு என்று பாத்திரங்கள், எங்கள் பேச்சில் ஏனங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால் அடியில் பேர் வெட்டியிருந்தது. கீழே விழுந்த ஒன்றிலும் எங்கள் வீட்டுப் பேர் இல்லை!

யோசித்துப் பாருங்கள். பாதி அலமாரி அடுத்தவர் சொத்து. யாரோ எப்போதோ எதையோ போட்டுக் கொடுத்தனுப்ப, உம்மா தின்றுவிட்டு ஏனத்தை உள்ளே வைத்திருக்கிறார். ஏன் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பக்கம் ஏனம் வெறுமனே திரும்பக்கூடாது. பண்டம் வந்த ஏனத்தில் பண்டம் போகணும். அதற்கு நாள் வரவில்லையென்றால் நாலு எலுமிச்சை, ஒரு பிடி முருங்கைக்கீரை, கதியே இல்லையென்றால் ஒரு கரண்டி சர்க்கரை.

எனக்கு இது சுத்த மூடநம்பிக்கையாகப் பட்டது. போன செமஸ்டரில்தான் 'சமூகத்தில் அன்பளிப்புப் பரிமாற்றம்' என்று செமினார் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தேன். அந்தக் கைதட்டு இன்னும் காதில் இருந்தது. ஏனம் என்பது ஏனம். கடன் இல்லை, கௌரவம் இல்லை, உள்ளர்த்தம் இல்லை. கழுவினால் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கழுவினேன். துடைத்தேன். ரெண்டு பெரிய வயர் கூடையில் அடுக்கினேன். சலங்கை கட்டிய மாதிரி சத்தத்தோடு தெருவில் இறங்கினேன்.

முதலில் எதிர் வீட்டு தெரேஸ் அக்கா. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்பிய மூடி போட்ட தட்டு. வாங்கினார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"உம்மா ஏதாச்சும் சொல்லிவிட்டாங்களா?"

"இல்லக்கா. உம்மா ஊர்ல இல்ல. நானாத்தான் கொண்டாந்தேன்."

"கேக்குல ஏதும் கொறையா கண்ணு? முட்டை வாடை அடிச்சிச்சா?"

"கேக் அருமைக்கா! வெறும் ஏனம் திரும்பக்கூடாதுங்கறதுதான் தப்புங்கறேன். அது பெண்கள் மேல தேவையில்லாத சுமை. நீங்க ஒண்ணு கொடுக்க, நாங்க ஒண்ணு கொடுக்க, கடைசில ரெண்டு பேரும் அடுப்படியிலேயே கெடக்கோம். யாராவது ஒருத்தர் நிறுத்தணும்ல?"

"நிறுத்திடுவோம்ங்கற" என்றார் தெரேஸ் அக்கா, மெதுவாக.

"ஆமாக்கா!"

கதவைச் சாத்தினார். என் கருத்து ஏற்கப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கிற ஆள் நான்.

அடுத்து வசந்தா அக்கா. சுரக்குடியில் அவர் அண்ணனுக்கு வயல். புது நெல்லில் அவல் இடித்தால் எங்களுக்கு ஒரு தூக்கு வந்துவிடும். அந்தத் தூக்கை நீட்டினேன். அவர் தூக்கைப் பார்க்கவில்லை. கூடைகளைப் பார்த்தார்.

"இவ்ளோவையும் தூக்கிக்கிட்டு எங்க போற?"

"அவங்கவங்க வீட்டு ஏனத்தை அவங்கவங்ககிட்ட ஒப்படைக்கறேன்கா."

"எல்லாத்தயுமா?"

"ஒண்ணு விடாம."

வசந்தா அக்கா நெஞ்சில் கை வைத்தார். "பிரான்ஸுக்கா?"

"என்னது?"

"சொல்லாம கொள்ளாம கெளம்புறீங்களே!"

எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஏனத்தையெல்லாம் ஒழித்துக் கொடுத்தால் அதற்கு ரெண்டே காரணம்தான். ஒன்று பகை. இன்னொன்று பிரான்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால், அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் திடீரென்று குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். வசந்தா அக்கா நல்ல மனசுக்காரர். நல்லதையே நினைத்தார்.

"ஐயோ இல்லக்கா! எங்கள்ல யாருக்கும் அந்தக் குடியுரிமையே கெடையாது!"

"சரி சரி. வெளில சொல்லக்கூடாதுன்னு உம்மா சொல்லியிருப்பாங்க. நான் யார்ட்டயும் மூச்சு விடல" என்று சொல்லி, என் கன்னத்தைத் தடவிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கணும். கூடையில் இன்னும் பாரம் இருந்தது.

கடைசி வீடு ஹலீமா மாமி. உம்மாவுக்கு உயிர்த் தோழி. நோன்பு சமயத்தில் உம்மா, "இந்தத் தடவை உன் கஞ்சில கறி எங்க இருக்குன்னு தேடுறாப்ல இருக்கே" என்று விளையாட்டாகச் சொல்ல, மாமி பேச்சை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதால் உம்மாவும் நிறுத்தினார். ஹஜ்ஜுப் பெருநாளன்று மாமியாகவே இறங்கிவந்து, பீங்கான் கிண்ணத்தில் வட்டலப்பம் கொடுத்தனுப்பினார். அது சமாதானத் தூது. அந்தக் கிண்ணத்தில் அதே தரத்தில் வட்டலப்பம் போட்டு, உம்மாவே கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சை ஆரம்பிக்கணும் என்று இருந்தார்.

அந்தக் கிண்ணத்தைத்தான் நான் பளபளவென்று தேய்த்து, வெறுமனே நீட்டினேன்.

மாமி கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத் தேச்சிருக்க."

"எலுமிச்சை சோப்பு மாமி."

"ஒட்டுன வாசம்கூட இல்ல. ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்க."

கண் கலங்கியிருந்தது. நான் பெண்கள் மேல் சுமை என்று ஆரம்பித்தேன். "போய்ட்டு வா புள்ள" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்குள் போன்.

"நஸ்ரீன்" என்றார் உம்மா, ரொம்ப அமைதியாக. "நாம எங்க போறோம்?"

"எங்க உம்மா?"

"அதத்தான் நானும் கேக்கறேன். வீட்ட வித்தாச்சாம். டிக்கெட் போட்டாச்சாம். இங்க லாத்தாட மாமியார், 'பிள்ளைப்பேறு வரைக்குமாவது இருந்திருக்கலாமே சம்பந்தி'ன்னு அழுவுறாங்க. நான் என்ன சொல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் துபாயிலிருந்து வாப்பா. "எனக்குத் தெரியாம யார்டி வீட்ட வித்தது?" அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு தரகர். கையில் அளவு நாடா.

"வீடு கொடுக்கறதாக் கேள்விப்பட்டேன். கொல்லைப்பக்கம் எவ்ளோ வரும்?"

"நாங்க எங்கயும் போகல!"

"பயப்படாதீங்கம்மா. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி கொல்லையை அளந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து திட்டம் போட்டேன். நிர்வாகம் தெரிந்தவள் அல்லவா? நாங்கள் ஊரை விட்டுப் போகவில்லை, யாரோடும் பகை இல்லை என்று தெருவுக்கே ஒரே அடியில் நிரூபிக்க ஒரே வழிதான். பண்டம் அனுப்பணும். வீட்டுக்கு வீடு. அதுவும் வட்டலப்பம்!

முட்டை இருந்தது. தேங்காய்ப்பால் எடுத்தேன். சர்க்கரை, ஏலக்காய், எல்லாம் சரி. உம்மா அதைச் சின்னத் தீயில் மணிக்கணக்கில் அவிப்பார். அதுதான் திட்டமில்லாத வேலை என்று, அடுப்பை முழுசாகத் திருகிவிட்டேன்.

திறந்து பார்த்தால் வட்டலப்பம் ரெண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. முட்டை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். நடுவில் முந்திரி நடுநிலை வகித்தது.

வேறு யாராக இருந்தாலும் அதைக் கொட்டியிருப்பார்கள். நான் நோக்கம்தான் முக்கியம் என்று எனக்கு நானே வாதாடி ஜெயித்தேன். ஆனால் எதில் போட்டு அனுப்புவது? மற்றவர்கள் ஏனத்தையெல்லாம் காலையில்தான் கொடுத்துத் தொலைத்தேன்! வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டுத் தூக்கு, எங்கள் வீட்டுக் கிண்ணம், உம்மாவின் கல்யாணத்துக்கு வந்த வெள்ளி மூடி போட்ட டப்பா எல்லாவற்றையும் எடுத்தேன். தெரு முழுக்க விநியோகித்தேன்.

ஹலீமா மாமியிடம் மட்டும் நின்றேன். அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். முகம் அப்படியே நின்றுவிட்டது.

"இது என்னா?"

"வட்டலப்பம் மாமி."

"நீ செஞ்சதா?"

"ஆமா. வெறும் கிண்ணம் கொடுத்தது நான்தான் மாமி. உம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அவங்க உங்களுக்குப் போடணும்னு முட்டைகூட எண்ணி வச்சிருந்தாங்க. அந்த முட்டைதான் இது."

மாமி கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரிப்பு! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே உம்மாவுக்குப் போன் போட்டார், மாசக்கணக்குக்குப் பிறகு.

"பரீதா! உன் மவ என்னத்தயோ அவிச்சுக் கொண்டாந்திருக்கா... இல்லடி, எனக்குக் கோவமில்ல. இதத் தின்னப்பறம் கோவிச்சுக்கவே தெம்பில்ல!"

அந்தப் பக்கம் உம்மாவும் சிரிக்கும் சத்தம் கேட்டது. ரெண்டு பேரும் அரை மணி நேரம் என்னைப் பற்றியே பேசினார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

உம்மா மறுநாள் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பெருக்கியிருந்தது. மோட்டார் நின்றிருந்தது. கேஸ் மூடியிருந்தது. தரகர் கொல்லைச் சுவரில் சுண்ணாம்பால் போட்டுவிட்டுப் போன குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். பல்லி ஒன்று ஓடியது. வேறு எதுவும் இல்லை.

எங்கள் ஏனமெல்லாம் தெருவில் இருக்கிறது. வெறுமனே திருப்பிக் கொடுக்க அவர்களுக்கு மனசில்லை. அந்த வட்டலப்பத்துக்கு ஈடாக எதைப் போட்டு அனுப்புவது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

நான் முந்திக்கொண்டேன். "உம்மா, நியாயமாப் பேசுவோம். நீங்க சொன்னது வீடு வீடா இருக்கணும்னு. சுவர் இருக்கு, கூரை இருக்கு, யாரும் விக்கல. கூடுதலா, ஹலீமா மாமி பேசிட்டாங்க. உங்களால முடியாதத நான் ஒரே நாள்ல முடிச்சிருக்கேன். சொன்ன வார்த்தைக்கு நீங்க கட்டுப்படணும். நான் பாண்டில வீடு எடுக்கலாமா, கூடாதா?"

உம்மா அலமாரியை மூடினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்துக்க. அக்கம்பக்கத்துல மனுசரே இல்லாத வீடாப் பாத்து எடு."